அகல லென்ஸ் என்னும் மூடநம்பிக்கை

லேண்ட்ஸ்கேப் எடுக்க இரண்டாவதாக ஒரு லென்ஸ் வாங்க வேண்டும், எதை வாங்கலாம்? எந்தக் கல்லூரி போட்டோகிராபி கிளப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "அல்ட்ரா வைட் வாங்கு மச்சி, சும்மா பிரமாதமா இருக்கும்." கேட்டவனின் கையில் எவ்வளவு இருக்கிறது, இதுவரை எடுத்த படங்களில் என்ன குறை, எங்கே போய் எடுக்கிறான் என்று ஒருத்தரும் விசாரிப்பதில்லை. நாடி பிடிக்காமலேயே மருந்துச் சீட்டு எழுதும் வைத்தியம்!

இந்த வைத்தியத்தால் யாருக்கும் உயிர் போகாது, வாஸ்தவம்தான். ஆனால் பணம் போகும். அதுவும் யாருடைய பணம்? டியூஷன் எடுத்துச் சேர்த்தது, லீவில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்தது, வீட்டில் நூறு முறை கெஞ்சி வாங்கியது. மாசக் கடைசியில் மெஸ் பில் கட்ட யோசிக்கிற பையன், அடுத்த ஒரு வருஷத்துக்குத் தவணை கட்டத் தயாராகிறான். காரணம், கிட் லென்ஸோடு திரிந்தால் நாலு பேர் மதிக்க மாட்டார்கள் என்ற பயம். லேண்ட்ஸ்கேப் என்றால் அகலம் என்று யாரோ எப்போதோ சொன்னது வேதவாக்காகிவிட்டது.

விஷயத்தை நேராகச் சொல்லிவிடலாம். கையில் ஒரு 18-55 கிட் லென்ஸ் இருக்கிற, பட்ஜெட் இறுக்கமாக உள்ள மாணவன் லேண்ட்ஸ்கேப்புக்காக இரண்டாவதாக வாங்க வேண்டியது ஒரு பழைய டெலி ஜூம். அதையும் முக்காலிக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் காசு ஒதுக்கிய பிறகுதான் வாங்க வேண்டும். அகல லென்ஸ் வரிசையில் கடைசி.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கணக்கு என்று ஒன்று இருக்கிறதே...

1. கன்னியாகுமரி கணக்கு

கன்னியாகுமரிக் கரையில் ஒருவன் கேமராவோடு நிற்கிறான். எதிரே கடலுக்குள் திருவள்ளுவர் சிலை. 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது, பீடத்தோடு சேர்த்து 133 அடி. மீட்டரில் சொன்னால் சுமார் 40. கரையிலிருந்து தூரம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

தூரத்துப் பொருள் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்குப் பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம். பொருளின் உயரத்தைக் குவிய தூரத்தால் பெருக்கி, பொருள் இருக்கும் தூரத்தால் வகுத்தால் போதும். கேனானின் ஏபிஎஸ்-சி கேமராக்களில் சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ.

கிட் லென்ஸின் 18 மி.மீ.யில் சிலையின் பிம்பம் ஒன்றரை மி.மீ. படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு.

ஆசைப்பட்டு வாங்கிய அகல லென்ஸின் 10 மி.மீ.யில் 0.8 மி.மீ. பதினெட்டில் ஒரு பங்கு. வள்ளுவர் தீக்குச்சி ஆகிவிடுவார்.

கிட் லென்ஸின் 55 மி.மீ.யில் நாலரை மி.மீ. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

டெலி ஜூமில் 150 மி.மீ. வைத்தால் 12 மி.மீ. ஐந்தில் நாலு பங்கு. அவர் பின்னால் உதிக்கும் சூரியனும் அதே அளவுக்குப் பெரிதாகும்.

ஊருக்குப் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் "நேர்ல பாத்தப்ப எவ்வளவு பெருசா இருந்துச்சு தெரியுமா" என்று ஒரு புலம்பல் இருக்குமே, அதன் விளக்கம் இதுதான். படம் சப்பென்று இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அகலம் போதாமை இல்லை. அகலம் ஏற்கெனவே அதிகம். மலை சின்னதாகி, வானமும் தரையும் படத்தை நிரப்பிவிட்டன. இந்த நோய்க்கு 10 மி.மீ. மருந்து என்பது சர்க்கரை வியாதிக்காரனுக்கு அல்வா வாங்கிக் கொடுக்கிற கதை :-)

கொடைக்கானலில் தூண் பாறை பார்க்கப் போகிறவர்களும் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். 400 அடி உயரப் பாறைகள் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். பார்வையாளர் நிற்க வேண்டியது இந்தப் பக்கம், தடுப்புக்குப் பின்னால். அகல லென்ஸைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் சொல்லும் முதல் பாடம், முன்னால் இருக்கும் பொருளுக்கு ஒரு மீட்டர், அரை மீட்டர் வரை நெருங்கிப் போ என்பது. கல், பூ, நீரோடை என்று ஏதாவது ஒன்று முன்புறத்தில் பெரிதாக நின்றால்தான் அந்த லென்ஸுக்கு அர்த்தம். வியூ பாயிண்டில் அரை மீட்டரில் என்ன இருக்கும்? கம்பித் தடுப்பும், சுண்டல் பொட்டலமும், செல்போனைத் தூக்கிப் பிடித்த நாலு கைகளும். கல்லூரி டூரில் போகிறவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வியூ பாயிண்ட்தான், காட்டுக்குள் ஓடை இல்லை.

2. தைக்கலாம், வெட்ட முடியாது

சரி, சில சமயம் அகலமும் வேண்டியிருக்கிறதே என்றால், வேண்டும்தான். ஆனால் அகலத்தை லென்ஸ் வாங்காமலே பெற வழி இருக்கிறது. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, 18 மி.மீ.யில், ஒன்றின் மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியுமாறு மூன்று படங்கள் எடுத்தால் போதும். செங்குத்தாகப் பிடித்த ஒரு படம் பக்கவாட்டில் சுமார் 45 டிகிரி பார்க்கும். மூன்றையும் தைத்தால் சுமார் 105 டிகிரி. 10 மி.மீ. லென்ஸ் ஒரே படத்தில் பக்கவாட்டில் பார்ப்பது சுமார் 96 டிகிரிதான்! தைத்த படத்தில் மெகாபிக்சலும் கூடுதல். தைக்க ஹியூகின் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம். எக்ஸ்போஷர், வெள்ளைச் சமன், ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிட்டு எடுத்தால் தையல் தெரியாது.

இதற்குக் குறைகள் உண்டு. அலை, காற்றில் ஆடும் மரக்கிளை, நடமாடும் கூட்டம் இருந்தால் தையலில் பிசிறு விழும். மிக அருகில் ஒரு பொருள் இருந்தாலும் பொருந்தாது. ஆனால் தூரத்து மலைத்தொடர், பள்ளத்தாக்கு, வயல்வெளி என்று மாணவர்கள் வழக்கமாக எடுக்கும் காட்சிகளில் பத்துக்கு எட்டு முறை வேலை நடந்துவிடும்.

இப்போது எதிர்ப் பக்கம் பார்க்கலாம். டெலி இல்லாதவன் 55 மி.மீ.யில் எடுத்து, 200 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாமா? 55-ஐ 200-ஆல் வகுத்து அதை வர்க்கப்படுத்தினால் ஏழரை சதவிகிதம் வரும். 24 மெகாபிக்சல் படத்தில் மிஞ்சுவது 2 மெகாபிக்சலுக்கும் குறைவு. பழைய நோக்கியா செல்போன் காலத்துக்குத் திரும்பிப் போகலாம்.

முழு வாதமும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது. அகலத்தைத் தைத்துப் பெறலாம். நெருக்கத்தை வெட்டிப் பெற முடியாது. கையில் காசு குறைவாக இருப்பவன், வேறு எந்த வழியிலும் கிடைக்காததைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் இருபதாயிரம்?

3. ஆன்சல் ஆடம்ஸை வம்புக்கு இழுக்கிறவர்களுக்கு

லேண்ட்ஸ்கேப் என்றதும் ஆன்சல் ஆடம்ஸ் பெயரைச் சொல்லாமல் யாரும் பேச்சை முடிப்பதில்லை. சரி, அவரையே கேட்கலாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலா எழும்பும் படம், 1941-இல் எடுத்தது. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற லேண்ட்ஸ்கேப் படங்களில் ஒன்று. அதை அவர் 8-க்கு 10 அங்குல ஃபிலிம் கேமராவில், 23 அங்குலக் குவிய தூரம் உள்ள லென்ஸ் பகுதியைப் பொருத்தி எடுத்தார்.

23 அங்குலம் என்றால் 584 மி.மீ. ஆனால் அந்த ஃபிலிமும் பிரம்மாண்டம். இன்றைய ஏபிஎஸ்-சி கேமராவின் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 50 மி.மீ. வரும். அதாவது, எல்லாரும் பொம்மை என்று கேலி செய்யும் கிட் லென்ஸின் நீண்ட முனை! அந்தப் படத்தில் அவர் அகலத்தைத் தேடிப் போகவில்லை. சூரியன் மறைய இன்னும் சில நொடிகளே இருக்க, சிலுவைகள் மேல் வெளிச்சம் இருக்கும்போதே அவசரமாக முக்காலியை நாட்டி, நிலாவின் பிரகாசத்தை நினைவிலிருந்து எடுத்துக் கணக்குப் போட்டு எடுத்தார். முக்காலி, நேரம், கணக்கு. இந்த மூன்றில் எதைக் கடையில் வாங்கலாம்? முக்காலியை மட்டும்தான். அதைத்தான் ஒருவரும் சிபாரிசு செய்வதில்லை.

4. கிட் லென்ஸ் மீதான அவதூறு

"கிட் லென்ஸ் சுத்த வேஸ்ட்" என்பது ஒரு காலத்தில் ஓரளவு உண்மை. 2007-க்கு முந்தைய கேனான் 18-55 லென்ஸ்கள் மூலைகளில் மங்கலாக இருக்கும் என்று பெயர் வாங்கியவை. 2007-இல் நடுக்கக் கட்டுப்பாட்டோடு புது 18-55 வந்தது. 2013-இல் எஸ்டிஎம் வகை வந்தது. நிக்கானும் 2007-இலேயே நடுக்கக் கட்டுப்பாடுள்ள 18-55 கொடுத்துவிட்டது. லென்ஸ் மாறிவிட்டது, வசை மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் அதே வசனத்தை ஒப்பிக்கிறார்கள்.

லேண்ட்ஸ்கேப்புக்கு எஃப்/1.8, எஃப்/2.8 தேவையே இல்லை. முன்னாலிருந்து பின்னால் வரை தெளிவாக வேண்டும் என்றால் எஃப்/8, எஃப்/11 தான் வைக்க வேண்டும். அந்த நிலையில் விலை உயர்ந்த லென்ஸுக்கும் கிட் லென்ஸுக்கும் உள்ள இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். 18 மி.மீ., எஃப்/8 வைத்து இரண்டு மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் செய்தால் ஏறக்குறைய ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். கிட் லென்ஸ் மேல் புகார் சொல்கிறவர்களில் இதைச் செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்தால் சுவாரசியமாக இருக்கும். கையில் பிடித்து, எஃப்/3.5-இல், நடுப்பகல் வெயிலில் எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுகிறவர்களே அதிகம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

5. காசுக் கணக்கு

காமர்ஸ் வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு 'வாய்ப்புச் செலவு' நினைவிருக்கும். ஒன்றை வாங்குவதன் உண்மையான விலை, அதற்காகக் கைவிட்ட அடுத்த சிறந்த வாய்ப்பு. அகல லென்ஸுக்கு 24,000 ரூபாய் ஆகிறது, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,000. மதுரையில் படிக்கிற ஒருவன் மாதம் ஒரு முறை அரசு பஸ்ஸில் கொடைக்கானல் போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வர அந்தப் பணம் தாராளம். வருஷத்தில் பன்னிரண்டு முறை. மழைக்கு முன், மழைக்குப் பின், மார்கழிப் பனி, கோடைக் காய்ச்சல் என்று ஒரே பள்ளத்தாக்கைப் பன்னிரண்டு முகத்தோடு பார்த்தவனையும், புது லென்ஸை மாட்டிக்கொண்டு ஹாஸ்டல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை எடுத்தவனையும் பக்கத்தில் நிறுத்தினால் யார் படம் நன்றாக இருக்கும்? இதற்கு நடுவர் தேவையில்லை.

"வட்டியில்லாத் தவணைதானே" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டி வேறு கட்டணங்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்ற பொருளில் ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இன்றைய 'நோ காஸ்ட்' தவணையில் வட்டி அளவுக்குத் தள்ளுபடி என்று காட்டினாலும், அந்த வட்டியின் மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி தனியாக வரும். பரிசீலனைக் கட்டணம் என்று ஒன்றும் சேரும். சம்பாதிக்கத் தொடங்காத ஒருவனின் பெயரில் முதல் கடன் ஒரு லென்ஸுக்காக என்பது, லென்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நல்ல தொடக்கம் இல்லை.

சிபாரிசு செய்கிறவர்களின் வரவு செலவையும் பார்க்க வேண்டும். யூடியூபில் "இது இல்லாமல் லேண்ட்ஸ்கேப் இல்லை" என்று கத்துகிறவரின் வீடியோவுக்குக் கீழே வாங்குவதற்கான இணைப்பு இருக்கும். அதை அழுத்தி வாங்கினால் அவருக்குக் கமிஷன். அது தப்பில்லை, அவர் பிழைப்பு. ஆனால் "ஏற்கெனவே இருப்பதை வைத்து எடு" என்ற அறிவுரைக்குக் கமிஷன் கிடையாது. அதனால்தான் அந்த அறிவுரை அபூர்வமாக இருக்கிறது.

6. எதிர்க்கட்சியின் நியாயம்

அகல லென்ஸே வேண்டாத பொருள் என்று யாரும் சொல்லவில்லை. 2014-இல் வந்த கேனான் 10-18, 2017-இல் வந்த நிக்கான் 10-20 இரண்டும் அந்த வகையில் மலிவானவை, நல்லவை. கோயில் மண்டபத்தின் உட்புறம், பின்னால் நகர இடமில்லாத அருவியின் அடிவாரம், இரவு வானத்தில் பால்வெளி, அலை காலடியில் வந்து மோதும் பாறைக்கரை... இவற்றையே திரும்பத் திரும்ப எடுக்கிறவனுக்கு அது அவசியம். தைப்பதெல்லாம் அங்கே சரிப்படாது.

டெலியிலும் தொல்லை உண்டு. நடுப்பகலில் தூரத்து மலை புகைமூட்டத்தில் வெளுத்துப் போகும். காற்றடித்தால் கேமரா ஆடும். விடியற்காலையில் எழுந்து போக வேண்டும், முக்காலி வேண்டும். ஆனால் அதே மூட்டம்தான் விடியலில் மலைகளை ஒன்றன் பின் ஒன்றாக, கருநீலத்திலிருந்து வெளிர்நீலம் வரை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டுகிறது. அந்த அடுக்குகளில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எடுக்க 10 மி.மீ.யால் முடியாது, 200 மி.மீ.யால் முடியும். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வேண்டுமா என்ன?

7. வாங்குவதென்றால்

கண்ணாடியில்லா கேமராக்களுக்கு மாறுகிறவர்கள் பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களை விற்றுக்கொண்டிருக்கும் காலம் இது. கேனான் வைத்திருப்பவர்கள் 55-250 தேடலாம். முதல் வகை 2007-இல் வந்தது, 2013-இல் வந்த எஸ்டிஎம் வகை இன்னும் தெளிவு. இரண்டிலும் நடுக்கக் கட்டுப்பாடு உண்டு. அதைவிட மலிவாக 75-300 என்று ஒன்று கண்ணில் படும். அதன் சாதாரண வகையில் நடுக்கக் கட்டுப்பாடு இல்லை, ஒதுக்கிவிடலாம். நிக்கானில் 55-200 அல்லது 55-300, நடுக்கக் கட்டுப்பாடு உள்ளது. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களில் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். புதிய ஏஎஃப்-பி லென்ஸ்கள் சில பழைய பாடிகளில் வேலையே செய்யாது. கேமராவை எடுத்துக்கொண்டு போய் மாட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்கக் கூடாது.

பார்க்க வேண்டியவை நாலு. ஒன்று, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று தெரியும். கடலோர ஊர் லென்ஸ்களில் இது சகஜம். சின்னத் தூசி இருந்தால் பரவாயில்லை, பூஞ்சை இருந்தால் நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். இரண்டு, ஜூம் வளையமும் ஃபோகஸும் முழுதும் சிக்கலில்லாமல் சுற்ற வேண்டும். மூன்று, எஃப்/8-இல் ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுத்து நாலு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம், லென்ஸ் எங்கோ கீழே விழுந்திருக்கலாம். நாலு, நடுக்கக் கட்டுப்பாட்டைப் போட்டும் எடுத்தும் நிதானமான ஷட்டர் வேகத்தில் இரண்டு படம்.

மிச்சப் பணத்தில் முக்காலி. மிக மலிவான, விரல் பட்டாலே ஆடும் முக்காலி வாங்குவதும் வாங்காததும் ஒன்றுதான்.

8. வாங்குவதற்கு முன் ஒரு தணிக்கை

இவ்வளவும் படித்த பிறகும் அகல லென்ஸ்தான் வேண்டும் என்று தோன்றுகிறவர்கள், கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். கடைசியாக எடுத்த 200 லேண்ட்ஸ்கேப் படங்களைக் கணினியில் திறந்தால் ஒவ்வொன்றும் எந்தக் குவிய தூரத்தில் எடுக்கப்பட்டது என்று கோப்பின் விவரத்திலேயே இருக்கும். ஒரு தாளில் கோடு போட்டு எண்ணிவிடலாம். 55-இல் முட்டிக்கொண்டு நிற்கும் படங்கள் அதிகம் என்றால் விடை தெரிந்துவிட்டது. 18-இல் அதிகம் என்றால் ஒவ்வொரு படத்திடமும் ஒரே கேள்வி: இதில் இடம் போதாமல் வெளியே நின்றுபோனது என்ன? வெளியே நின்றது ஒன்றுமில்லை, உள்ளே வந்த வேண்டாத சமாச்சாரம்தான் அதிகம் என்று பெரும்பாலான படங்கள் பதில் சொல்லும். மண்டபத் தூணும் அருவியின் தலையும் வெட்டுப்பட்டிருக்கிறது என்று நிறைய படங்கள் சொன்னால், தாராளமாக அகல லென்ஸ் வாங்கலாம். அப்படி வாங்குகிறவன் கிளப்பில் யாரோ சொன்னதற்காக வாங்கவில்லை, தன் கணக்கைப் பார்த்து வாங்குகிறான். அவனோடு இங்கே சண்டை இல்லை.

சண்டை, எண்ணிப் பார்க்காமல் சீட்டு எழுதும் வைத்தியர்களோடு மட்டும்தான்.

பி.கு: பழைய லென்ஸ் வாங்கி வந்ததும் மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வைக்க வேண்டும். பொட்டலம் ஈரம் குடித்துவிட்டால் மாற்ற வேண்டும். துணிப் பைக்குள்ளேயே மழைக்காலம் முழுதும் கிடந்தால் அடுத்து வாங்க வருகிறவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நமஸ்காரம் சொல்லிவிட்டுப் போவான் ;-)